உப்பு கட்டிய மலைக்கிராமம்

மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பண்டம் கிடக்கட்டும். உப்பு இல்லையென்றால் பிறந்தே இருக்காத ஊர் ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் ஹால்ஸ்டாட். ஆஸ்திரியா நாட்டில், தாக்ஸ்டைன் மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒரு ஏரிக்கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கிராமம். அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 750 பேர்தான். நம் கல்லூரி மாணவர் எண்ணிக்கையைவிடக் குறைவு!

ஆனால் இந்தச் சின்ன ஊரின் பெயரை வைத்துத்தான் ஐரோப்பிய வரலாற்றில் ஒரு காலகட்டத்தையே அழைக்கிறார்கள். பழைய கெல்ட் மக்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் இது. இன்றைக்கு உலகம் முழுவதிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் இடமும் இதுவே. சிவில், மெக்கானிக்கல் படிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. வாருங்கள் நண்பர்களே, கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம்.

மலைக்குள் எப்படி வந்தது உப்பு?

உப்பு என்றால் நமக்குக் கடல்தான் ஞாபகம் வரும். தூத்துக்குடிப் பக்கம் பாத்தி கட்டி, கடல் தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் காய வைத்து உப்பு வாருகிறார்கள். ஹால்ஸ்டாட்டில் கடலும் இல்லை, நம்ம ஊர் வெயிலும் இல்லை. அப்படியிருக்க உப்பு எங்கிருந்து வந்தது?

சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி கடலாக இருந்தது. கடல் வற்றி உப்புப் படிந்தது. அதன் மேல் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் படிந்தன. பிறகு ஆல்ப்ஸ் மலை மடிந்து எழும்பியபோது அந்த உப்பும் சேர்ந்து மேலே வந்துவிட்டது. ஆக, இயற்கையே ஒரு உப்பளத்தைத் தூக்கி மலைக்குள் பூட்டி வைத்தது என்று சொல்லலாம். கிராமத்துக்கு மேலே 300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு உண்டு. சுரங்கம் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சுரங்கப் பகுதியில் மான் கொம்பால் செய்த ஒரு கொத்துக் கருவி கிடைத்தது. அதன் வயது சுமார் 7,000 ஆண்டுகள். அன்றிலிருந்து இன்றுவரை, இடையிடையே நின்றாலும், அதே மலையில் உப்பெடுப்பு நடக்கிறது. ஒரே தொழில், ஒரே இடம், 7,000 ஆண்டுகள்! கேட்கும்போதே மலைப்பாக இல்லையா?

கி.மு. 1344-ன் படிக்கட்டு

உப்புக்கு ஒரு குணம் உண்டு. கருவாட்டை அது எப்படிக் காக்கிறதோ அப்படியே தனக்குள் அகப்பட்ட எதையும் காக்கும். அதனால்தான் வேறெங்கும் மக்கி மண்ணாகிப் போயிருக்கும் பொருட்கள் ஹால்ஸ்டாட் சுரங்கத்தில் அப்படியே கிடைத்திருக்கின்றன. மரக் கைப்பிடி, தோல் பை, கம்பளித் துணி, தொப்பி, செருப்பு, வெளிச்சத்துக்காகக் கொளுத்திய மரச் சிராய்கள் எல்லாம் அதில் அடக்கம். சாயம் போட்ட துணிகளில் நிறம்கூட இன்னும் போகவில்லை.

இவற்றில் என்னை அசர வைத்தது ஒரு மரப் படிக்கட்டு. 2003-ல் சுரங்கத்துக்குள் ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். நீளம் 8 மீட்டர், அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் கி.மு. 1344, 1343 ஆண்டுகளில் வெட்டிய மரம் என்று தெரிந்தது. ஐரோப்பாவில் கிடைத்த மரப் படிக்கட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.

பழமையை விடுங்கள், அதன் அமைப்பைப் பாருங்கள். இரு பக்கமும் நீளமான மரத்தண்டுகள். அவற்றில் வெட்டிய பள்ளத்தில் ஒவ்வொரு படியும் தனித்தனியே சொருகப்பட்டிருக்கிறது. ஒரு படி தேய்ந்துவிட்டால் முழுப் படிக்கட்டையும் பிரிக்க வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். இடத்தின் சரிவு மாறினால் படியின் சாய்வையும் அதற்கேற்றபடி திருப்பி வைக்கலாம். பாகங்களைத் தனியே செய்து தளத்தில் பொருத்துவது, தேய்மானத்தை முன்கூட்டியே யோசித்து வடிவமைப்பது என்றெல்லாம் நாம் இன்று வகுப்பில் படிக்கிறோமே, அதை 3,300 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் தெரியாத ஒரு தச்சர் செய்து முடித்துவிட்டார். அவர் எந்த டிப்ளமோவும் வாங்கவில்லை.

தோல் பையும் அப்படித்தான். முதுகில் மாட்டும் அந்தப் பையில் உப்பை நிரப்பிக்கொண்டு போய்ச் சேருமிடத்தில் பையைக் கழற்றாமலேயே ஒரு கம்பைப் பிடித்துச் சாய்த்தால் உப்பு கொட்டிவிடும். நாள் முழுவதும் ஏற்றி இறக்குகிறவனின் முதுகுவலி தெரிந்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க முடியும்.

இந்தக் கெல்ட் மக்கள் யார்?

1846-ல் சுரங்க மேலாளராக இருந்தவர் யோஹான் கியோர்க் ராம்சாவர். அந்த மலைப் பள்ளத்தாக்கில் மண் தோண்டியபோது அவர் கண்ணில் சில பழங்காலப் புதைகுழிகள் பட்டன. வேறு யாராக இருந்தாலும் கிடைத்த நகைகளை எடுத்துக்கொண்டு குழியை மூடியிருப்பார்கள். ராம்சாவர் அப்படிச் செய்யவில்லை. 1863 வரை 17 ஆண்டுகள் பொறுமையாக 980 புதைகுழிகளைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் எலும்பு எப்படிக் கிடந்தது, எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று குறித்து வைத்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த ஐசிடோர் எங்கல் என்பவர் அவற்றை வண்ணப் படங்களாக வரைந்தார். ராம்சாவர் தொல்லியல் படித்தவர் அல்ல. இருந்தும் அந்தக் காலத்தில் தொல்லியல் படித்தவர்களே செய்யாத அளவுக்கு ஒழுங்காகப் பதிவு செய்தார். டிராயிங் ஷீட்டைக் கண்டாலே அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்கள் மட்டும் இல்லையென்றால் பாதி வரலாறு போயே போயிருக்கும்.

குழிகளில் வெண்கலம், இரும்பு, தங்கம் எல்லாம் இருந்தன. பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பரும், யானைத் தந்தத்தில் கைப்பிடி போட்ட வாளும்கூடக் கிடைத்தன. யானையே இல்லாத மலைக்குத் தந்தம் எப்படி வந்தது? எல்லாம் உப்பு கொடுத்து வாங்கியதுதான். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் கெடாமல் வைக்க உப்பைத் தவிர வேறு வழி ஏது? அதனால் உப்பு வைத்திருந்த ஊருக்கு உலகமே வாடிக்கை.

1874-ல் ஸ்வீடன் அறிஞர் ஹான்ஸ் ஹில்டெபிராண்டு ஐரோப்பிய இரும்புக் காலத்தை இரண்டாகப் பிரித்தபோது முன்பகுதிக்கு ஹால்ஸ்டாட் என்றே பெயர் வைத்தார். கி.மு. 800 முதல் 450 வரையிலான அந்தக் காலத்துப் பண்பாட்டை ஆரம்பகாலக் கெல்ட் மக்களோடு இணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மக்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எந்த மொழி பேசினார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. 'ஹால்' என்பது உப்போடு சேர்ந்த சொல் என்கிறார்கள். அது கெல்டிக் சொல்லா, ஜெர்மன் சொல்லா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் தீரவில்லை. பிற்காலத்தில் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அறியப்பட்ட கெல்ட் மக்களின் பண்பாட்டு வேர் இங்கிருந்து பிடித்தது என்று சொல்வது பொருட்களின் ஒற்றுமையை வைத்துத்தான்.

எலும்பு சொல்லும் கதை

எழுத்து இல்லாவிட்டால் என்ன, எலும்பு பேசுகிறது. தசைகள் ஒட்டியிருக்கும் இடங்களில் எலும்பு எப்படித் தடித்திருக்கிறது, மூட்டு எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே ஒருவர் என்ன வேலை செய்தார் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஹால்ஸ்டாட் ஆண்களின் எலும்பில் கொத்திக் கொத்தி உழைத்த அடையாளம் இருக்கிறது. பெண்களின் எலும்பில் ஒரு தோளிலேயே சுமந்த அடையாளம். சிறு பிள்ளைகளின் எலும்பிலும் தேய்மானம் தெரிகிறது. சுரங்கத்துக்குள் கிடைத்த செருப்புகளிலும் தொப்பிகளிலும் குழந்தைகள் அளவில் சில இருந்தன.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று என் தாயார் நினைவு வந்தது. அவர் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவர். எங்கள் ஊரில் உப்பு சுமக்கும் பெண்களை நடையை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சுமை உடம்பில் எழுதிவிட்டுப் போகும் என்பதை விஞ்ஞானிகள் சொல்லித்தான் நான் நம்ப வேண்டும் என்பதில்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளமான பொருட்களோடு புதைக்கப்பட்டவர்களின் எலும்பிலும் கடும் உழைப்பின் தடம் இருக்கிறது. அதாவது அங்கே உப்பு சுமந்த ஆளுக்கும் அம்பரில் ஒரு பங்கு இருந்திருக்கிறது. உழைத்தவன் ஒருவன், அனுபவித்தவன் வேறொருவன் என்று முழுக்கப் பிரிந்து போகவில்லை.

ஆனாலும் மலை எல்லோரிடமும் தயவு காட்டியதில்லை. 1734-ல் பாறைக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. பழங்காலச் சுரங்க விபத்தில் மாண்டவர். உடல் நசுங்கி, உப்புப் பாறையோடு பாறையாக ஒட்டிப்போயிருந்தது. அன்றைய மக்கள் அவரைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்துவிட்டார்கள். கி.மு. 13-ம் நூற்றாண்டிலும், பிறகு கி.மு. 4-ம் நூற்றாண்டிலும் பெரும் மண்சரிவுகள் வந்து சுரங்கத்தை மூடிவிட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலை தாங்கும் அளவு தாங்கியது. பிறகு கைவிட்டது.

விறகைத் தேடிப் போன உப்புநீர்

இடைக்காலத்தில் உப்பெடுக்கும் முறையே மாறியது. பாறையை வெட்டிச் சுமப்பதற்குப் பதில், மலைக்குள் அறை குடைந்து அதில் நல்ல தண்ணீரை நிரப்பினார்கள். தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொள்ளும், களிமண் அடியில் தங்கிவிடும். லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு ஏறிய பிறகு அந்தத் தண்ணீரை வெளியே எடுத்துக் காய்ச்சுவார்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுதான் உப்பு உண்டு. சுமக்கும் வேலையைத் தண்ணீரிடமே ஒப்படைத்துவிட்டார்கள் பாருங்கள்! 1311-ல் எலிசபெத் அரசியார் ஹால்ஸ்டாட்டுக்குச் சந்தை உரிமை கொடுத்தார். ஊர் செழித்தது.

ஆனால் காய்ச்ச வெயில் போதாதே! விறகுதான் எரிக்க வேண்டும். எரித்து எரித்துச் சுற்றியிருந்த காடு குறைந்தது. இப்போது கணக்குப் போட்டார்கள். மலைப்பாதையில் விறகை உப்புநீரிடம் கொண்டுவருவது கஷ்டம், உப்புநீரை விறகு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது சுலபம். ஏனென்றால் தண்ணீர் தானாகவே இறங்கும். 1595-ல் வேலையைத் தொடங்கி 1607-ல் முடித்தார்கள். ஹால்ஸ்டாட்டிலிருந்து எபன்ஸே வரை சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு குழாய்வழி. இரும்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. சுமார் 13,000 மரங்களை வெட்டி, நடுவே துளை போட்டு, ஒன்றோடொன்று சொருகி உண்டாக்கியது. இன்றும் இயங்கும் தொழிற்சாலைக் குழாய்வழிகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். இப்போது குழாய் மரமல்ல, ஆனால் வழி அதேதான்.

சர்வே பிராக்டிகலில் நூறு மீட்டருக்கு லெவல் எடுப்பதற்குள் நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். டம்பி லெவல் இல்லாமல், மலையும் ஓடையும் குறுக்கிட, 40 கிலோமீட்டருக்குச் சரிவு தவறாமல் குழாய் போட்டவர்களை என்னவென்று சொல்வது! கோசாவ் என்ற ஆறு குறுக்கே வந்தது. குழாயைப் பள்ளத்தில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்ததால் அழுத்தம் அதிகமானது. 1750-களில் அந்த இடத்தில் உயரமான கல் தூண்களை எழுப்பிப் பாலம் கட்டிக் குழாயை மேலாகவே கொண்டுபோனார்கள். அந்தப் பாலத்தை இன்றும் பார்க்கலாம்.

படகு போய் பஸ் வந்தது

ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் ஆழமான ஏரி. நடுவில் இருக்கும் கைக்குட்டை அளவு நிலத்தில்தான் வீடுகள். புதைக்கக்கூட இடம் போதாது. அதனால் சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் திறந்து, மண்டையோட்டை எடுத்து வெயிலில் வெளுக்க வைத்து, பெயரும் பூமாலையும் தீட்டி ஒரு சிறு அறையில் அடுக்கி வைப்பது அவ்வூர் வழக்கம். அங்கே சுமார் 1,200 மண்டையோடுகள் இருக்கின்றன. அவற்றில் 600-க்கு மேற்பட்டவை வண்ணம் தீட்டியவை. நமக்குப் பயமாக இருக்கலாம். அவர்களுக்கு அது தாத்தா பாட்டிக்குக் காட்டும் மரியாதை.

1877-ல் ரயில் வந்தது. அதுவும் ஏரியின் எதிர்க்கரைக்குத்தான். இறங்கிப் படகில்தான் ஊருக்கு வர வேண்டும். 1890-ல் கரையோரமாகச் சாலை போட்டார்கள். அதுவரை படகு, இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதை. 1960-களில் கிராமத்தில் உப்புக் காய்ச்சுவது நின்றது. சுரங்கம் மட்டும் தொடர்கிறது. வேலை குறைந்த ஊருக்குச் சுற்றுலாதான் சோறு போட்டது. 1997-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2006-ல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரில் ஊர் இடம்பெற்றதும் ஆசியாவிலிருந்து கூட்டம் வரத் தொடங்கியது. 2012-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தேவாலயம், சதுக்கம் உட்பட இந்தக் கிராமத்தின் நகல் ஒன்றையே கட்டித் திறந்துவிட்டார்கள்!

ஊருக்கும் தாங்குதிறன் உண்டு

இங்கேதான் பிரச்சினை ஆரம்பம். கூட்டம் அதிகமான சில நாட்களில் 10,000 பேர் வரை வந்து இறங்கியதாகச் செய்திகள் வந்தன. 750 பேர் வாழும் இடத்தில் 10,000 பேர்! வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். கண்காட்சிப் பொருளாக வாழ யாருக்குப் பிடிக்கும்?

2020-ல் சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துதான் வர வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2023 மே மாதம், எல்லோரும் படம் எடுக்கும் இடத்தில் மரப்பலகை வேலி போட்டுக் காட்சியை மறைத்தார்கள். சமூக ஊடகங்களில் எதிர்ப்பு வந்ததும் வேலியை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்மக்கள் சுரங்கச் சாலையில் நின்று சிறிது நேரம் மறியல் செய்தார்கள். 'ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வை, மாலை 5 மணிக்குப் பிறகு பேருந்து வேண்டாம்' என்பது அவர்கள் கோரிக்கை. சுற்றுலாவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அதுதான் பிழைப்பு என்று அவர்களுக்கும் தெரியும்.

மண்ணின் தாங்குதிறன் பற்றி நாம் படிக்கிறோம். ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் பாரம் ஏற்றலாம், மீறினால் அஸ்திவாரம் இறங்கும். ஊருக்கும் அதே கணக்குதான் என்பது என் கருத்து. உப்பெடுத்தவர்களுக்கு இந்த அளவு தெரிந்திருந்தது. படி தேயும் என்று தெரிந்து மாற்றும்படி செய்தார்கள். காடு குறைந்தது தெரிந்து குழாயைத் திருப்பினார்கள். சுற்றுலா என்ற புதுச் சுரங்கத்துக்கு மட்டும் அந்த அளவை யாரும் முதலிலேயே போடவில்லை. உப்புச் சுரங்கத்தில் சுமந்தவனுக்குப் பங்கு இருந்தது. இந்தச் சுரங்கத்தில் சுமப்பவர்கள் ஊர்மக்கள். எத்தனை பேர் வரலாம் என்பதைச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும் அல்லவா?

நமக்கு என்ன இதில்?

ஹால்ஸ்டாட்டில் 1873-ல் தொடங்கிய ஒரு தொழில்நுட்பப் பள்ளி இருக்கிறது. நம் வயதுப் பிள்ளைகள் அங்கே மரவேலை, படகு கட்டுதல், இசைக்கருவி செய்தல் கற்கிறார்கள். கி.மு. 1344-ன் தச்சருக்கு வாரிசுகள்! பயணிகள் படம் எடுக்க வரும் அழகை உண்டாக்கியதும் காப்பாற்றுவதும் இப்படிப்பட்ட கைகள்தான். ஆட்கள் போய்விட்டு வீடுகள் மட்டும் நின்றால் அதற்குப் பெயர் ஊர் இல்லை. சீனாவில் கட்டிய நகலுக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் ரோடு போடுவோம், சிலர் பாலம் கட்டுவோம், சிலர் மலைவாசத்தலத்தில் ஓட்டல் கட்டும் வேலைக்கும் போவோம். பிளானை விரித்ததும் கம்பி எத்தனை டன், சிமெண்ட் எத்தனை மூட்டை என்று எஸ்டிமேட் போடுவோம். அதோடு இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்வோம்: இந்தப் பாரத்தைச் சுமக்கப் போவது யார்? அவரைக் கேட்டாயிற்றா?